வீடு போச்சு, ஃபைல் இருக்கா? இடிப்பு ஆவணங்கள் ஏன் ஒரு ஊரின் வரலாறு ஆகின்றன

1949, 1950 ஆண்டுகளில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர நிர்வாகம் ஒரு வேலையைச் செய்தது. நகரின் கிழக்குப் பக்கம் இருந்த 'பிளாக் பாட்டம்' என்ற பகுதிக்கு கேமராவை அனுப்பி, தெருத் தெருவாகக் கட்டிடங்களைப் படம் எடுக்க வைத்தது. மர வீடுகள், திண்ணை மாதிரியான முன்வாசல்கள், மூலைக் கடைகள், விளம்பரப் பலகைகள்.

ஏரியா மேல் இருந்த பாசத்தால் எடுத்த படங்கள் இல்லை. அந்த இடத்தை நகரம் கையகப்படுத்தி இடிக்கப்போகிறது. நாளைக்கு நஷ்ட ஈடு விவகாரம் வந்தால், 'இங்கே இருந்த கட்டிடம் இதுதான், இதோட நிலைமை இதுதான்' என்று காட்ட ஆதாரம் வேண்டும். அதற்காக எடுத்தவை.

அடுத்த சில வருடங்களில் வீடுகள் போயின. கருப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பகுதி அது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் சிறுவனாக இருந்த இடம். டெட்ராய்ட்டின் முதல் கருப்பின மேயர் கோல்மன் யங் வளர்ந்த இடம். கடைகளும் இசை அரங்குகளும் நிறைந்த ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேல் பின்னர் நெடுஞ்சாலை வந்தது. இடித்த நிலத்தில் பெரிய பகுதி பல வருடம் சும்மா கிடந்து புல் முளைத்தது. கடைசியில் லஃபாயெட் பார்க் என்ற நவீனக் குடியிருப்பு எழுந்தது. வடிவமைத்தவர் உலகப் புகழ்பெற்ற மீஸ் வான் டெர் ரோ. அந்தக் குடியிருப்புக்கு 2015-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற அந்தஸ்தும் கிடைத்தது. இடிபட்டதற்குக் கிடைக்காத மரியாதை, இடித்த இடத்தில் வந்ததற்குக் கிடைத்தது!

அந்தப் பழைய படங்கள் என்ன ஆயின? டெட்ராய்ட் பொது நூலகத்தின் பர்ட்டன் வரலாற்றுச் சேகரிப்பில் இருக்கின்றன. அவற்றைத் தெரு வரிசைப்படி அடுக்கி, கூகுள் ஸ்ட்ரீட் வியூ பார்ப்பது மாதிரி அந்தத் தெருக்களில் மறுபடி 'நடக்க' வைக்கும் கண்காட்சியே நடந்திருக்கிறது. பிளாக் பாட்டம் எப்படி இருந்தது என்று இன்று யாராவது கேட்டால், முதலில் எடுத்துக் காட்டப்படுவது அதை அழிப்பதற்காக எடுத்த படங்கள்தான்.

இது டெட்ராய்ட்டோடு முடிகிற கதை இல்லை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் கல்வெட்டு உண்டு. பங்களாவுக்கு பெயிண்டிங் உண்டு, குடும்ப ஆல்பம் உண்டு. வாடகை வீட்டுக்கு? லைன் வீட்டுக்கு? ஆற்றோரக் குடிசைக்கு? பல நேரங்களில் 'இது சரியில்லை' என்று எழுத வந்த அதிகாரியின் பேப்பர் மட்டும்தான் உண்டு. அதனால்தான் அந்தப் பேப்பர் எங்கே போகிறது, யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் இருக்கும் என்பது வெறும் ஆபீஸ் சமாச்சாரம் இல்லை.

அந்த ஃபைலில் அப்படி என்னதான் இருக்கும்?

ஒரு கட்டிடம் அரசு அலுவலகத்தில் பல முறை 'பிறக்கிறது'. பிளான் அப்ரூவலுக்கு வரைபடம் கொடுக்கும்போது ஒரு முறை. சொத்து வரி போடும்போது ஒரு முறை. பணி நிறைவுச் சான்று வாங்கும்போது ஒரு முறை. இவை எல்லாம் கட்டிடம் எப்படி இருக்க வேண்டும் என்று உரிமையாளர் சொன்ன கதை. வரைபடத்தில் கார் பார்க்கிங் என்று இருக்கும். நேரில் போனால் ஜெராக்ஸ் கடை இருக்கும்.

ஆய்வுக் குறிப்பு வேறு வகை. ஒருவர் நேரில் போய்ப் பார்த்து எழுதுவது அது. 'மூன்றாவது மாடி அனுமதி இல்லாமல் கட்டப்பட்டுள்ளது', 'படிக்கட்டில் விரிசல்', 'தரைத்தளத்தில் நான்கு குடும்பங்கள்' என்பது போல எழுதுவார். எழுதியவருக்கு வரலாறு எழுதும் எண்ணமே கிடையாது. வேலையை முடித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த அவசரம்தான் வரலாற்று ஆய்வாளருக்கு லாபம். யாரையும் அழகாகக் காட்ட அந்தக் குறிப்பு முயற்சி செய்யாது.

அதற்கு அப்புறம் நோட்டீஸ், பதில், விசாரணை, உத்தரவு. இதில் தங்கச் சுரங்கம் என்றால் அது பதில் மனுதான். நோட்டீஸ் வாங்கியவர் பயத்தில் எல்லாவற்றையும் எழுதுவார். எந்த வருஷம் குடிவந்தார், யாரிடம் அட்வான்ஸ் கொடுத்தார், கரன்ட் பில் யார் பெயரில் வருகிறது, பிள்ளைகள் எந்த ஸ்கூலில் படிக்கிறார்கள், பின்பக்கச் சுவரை எந்த மழைக்குப் பிறகு எழுப்பினார் என்பது வரை. டைரி எழுதும் பழக்கமே இல்லாத ஒரு குடும்பம், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தன் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறது. அதையும் மாநகராட்சி உதவிப் பொறியாளருக்கு முகவரியிட்டு எழுதுகிறது.

கடைசியாக இடிப்பு அறிக்கை. எந்தத் தேதி, யார் யார் வந்தார்கள், என்ன இருந்தது, என்ன மிஞ்சியது. கட்டிடத்தின் மரணச் சான்றிதழ் மாதிரி.

நூறு வருஷத்துக்குப் பிறகும் செல்லுபடியாகும் ஒரு கார்டு

நியூயார்க்கில் 1901-ல் வாடகைக் குடியிருப்புகளுக்கு ஒரு புதிய சட்டம் வந்தது. ஐரோப்பாவில் இருந்து வந்து இறங்கிய குடியேறிகள் ஜன்னல் இல்லாத அறைகளில் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த காலம். வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், கழிப்பறை வேண்டும், தீப்பிடித்தால் தப்பிக்க வழி வேண்டும் என்றது சட்டம். அதை அமல்படுத்தத் தனித் துறையே உருவானது. அதன் ஆய்வாளர்கள் குடியிருப்புகளுக்குள் போய், ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை போட்டார்கள்.

அதுதான் 'ஐ-கார்டு'. எத்தனை மாடி, ஒரு மாடிக்கு எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு எத்தனை அறை, கழிப்பறை எங்கே, உரிமையாளர் யார் என்ற விவரங்கள், கூடவே கையால் வரைந்த தளப் படம். ஆய்வாளர் வரைந்த கோணல் கோடுகளைப் பார்த்தே ஒரு அறையில் ஜன்னல் இருந்ததா இல்லையா என்று இன்று சொல்லிவிடலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த அட்டைகள் மியூசியம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடவில்லை. நியூயார்க் நகர வீட்டு வசதித் துறை அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அந்த ஊரில் 1938-க்கு முன் கட்டிய பல கட்டிடங்களுக்கு இப்போதைய மாதிரியான குடியிருப்புச் சான்று கிடையாது. 'இந்தக் கட்டிடத்தில் சட்டப்படி எத்தனை வீடுகள் இருந்தன?' என்று கேள்வி வந்தால், அந்தப் பழைய ஐ-கார்டை ஆதாரமாக எடுத்து நீட்டுகிறார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் பென்சிலும் கையுமாகப் படியேறி எழுதியது, இன்று ஒருவருடைய வீட்டு உரிமைக்குச் சாட்சி.

அதே ஊரில் இன்னொரு உதாரணம், ஆர்ச்சர்ட் தெரு 97. 1863-ல் கட்டிய ஐந்து மாடி வாடகைக் குடியிருப்பு. சட்டம் மாற மாற அந்தக் கட்டிடமும் மாறியது. உள் சுவர்களில் ஜன்னல்கள் வெட்டப்பட்டன, கட்டிடத்துக்குள் கழிப்பறை வந்தது. 1930-களில் தீ பாதுகாப்பு விதிகள் இன்னும் கடுமையாகின. செலவு செய்ய மனசில்லாத உரிமையாளர் 1935-ல் குடியிருந்தவர்களை அனுப்பிவிட்டு மாடிகளைப் பூட்டினார். கீழே கடைகள் மட்டும் ஓடின. ஐம்பது வருஷத்துக்கு மேல் மேலே யாரும் வசிக்கவில்லை. 1988-ல் அருங்காட்சியகம் தொடங்க இடம் தேடியவர்கள் கதவைத் திறந்தபோது, சுவர்க் காகிதம் அடுக்கடுக்காக உரிந்து தொங்க, அந்தக் காலம் அப்படியே உட்கார்ந்திருந்தது. இன்று அது டெனமென்ட் மியூசியம்.

அங்கே சுமார் 7,000 பேர் வாழ்ந்திருப்பார்கள் என்பது அருங்காட்சியகத்தின் கணக்கு. அவர்களில் புகழ் பெற்றவர் என்று யாரையும் தேடிப் பிடிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. தையல்காரர், கணவன் விட்டுப் போன பெண், வேலை இழந்தவர்: இவர்களின் கதைகளைத்தான் அங்கே சொல்கிறார்கள். அந்தக் கதைகளைக் கட்டியெழுப்ப மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நீதிமன்றப் பதிவு எல்லாம் உதவின. ஆனால் எந்தச் சுவர் எப்போது உடைக்கப்பட்டது, ஏன் உடைக்கப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் கட்டிட விதிகளிலும் ஆய்வுகளிலும்தான் இருக்கிறது.

ஆய்வாளர் சொன்னால் வேதமா?

இல்லவே இல்லை. இங்கேதான் கொஞ்சம் கவனம் தேவை.

குறை கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவர் குறைகளைத்தான் எழுதுவார். 'இருட்டு அறை, ஈரச் சுவர், அளவுக்கு மீறிய கூட்டம்' என்று எழுதுவார். அதே அறையில் சாயங்காலம் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சேர்ந்து படித்ததை எழுத அவர் படிவத்தில் கட்டம் கிடையாது. பிளாக் பாட்டம் விஷயத்தில் 'ஸ்லம்' என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அந்த வார்த்தையை அங்கே ஒட்டிய பிறகு கடை வருமானம், தேவாலயம், வாடகை கொடுத்து வாழ்ந்தவரின் உழைப்பு எதுவும் கணக்கில் வரவில்லை.

நம் நாட்டிலேயே இதற்குப் பழைய உதாரணம் உண்டு. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது அதிகாரிகள் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். மனிதர் வாழத் தகுதியற்றது என்று முடிவு செய்த வீட்டின் மேல் 'யு.எச்.எச்.' என்று மூன்று எழுத்தை எழுதினார்கள். 1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது. நெருக்கமான குடியிருப்புகளை இடித்து, பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை போன்ற அகலமான சாலைகளைப் போட்டது. வீடு இழந்த பலர் பக்கத்துப் பகுதிகளில் இன்னும் நெருக்கிக்கொண்டு வாழப் போனார்கள். டிரஸ்ட் ஆவணங்களைப் புரட்டினால் சாலையின் அகலமும் செலவுக் கணக்கும் சுத்தமாகக் கிடைக்கும். வீட்டைக் காலி செய்தவர் அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தார் என்பது கிடைக்காது.

அதனால் இந்த ஆவணங்களை அப்படியே நம்பவும் கூடாது, 'அரசாங்கப் பேப்பர்தானே' என்று தள்ளவும் கூடாது. ஆய்வாளர் எதைப் பார்த்தார் என்பது ஒரு தகவல். எதைப் பார்க்க அவர் அனுப்பப்படவில்லை என்பது இன்னொரு தகவல். ஒரே தெருவில் எந்த வீட்டுக்கு நோட்டீஸ் போனது, அதே விதிமீறல் இருந்தும் எந்த வீட்டுக்குப் போகவில்லை என்று அடுக்கிப் பார்த்தால், அந்த ஊரில் யாருக்குச் செல்வாக்கு இருந்தது என்பதே தெரிந்துவிடும். ஒரு தனி ஃபைல் இதைச் சொல்லாது. மொத்த ஃபைல்களும் இருந்தால்தான் சொல்லும். 'முக்கியமானதை மட்டும் வைத்துக்கொள்வோம்' என்று கழிக்க ஆரம்பிப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

சென்னையில் ஒரு விளம்பரப் பலகை வழக்கு செய்த வேலை

ஒரு வேலைக்காக எழுதிய பேப்பர் வேறொரு வேலைக்குப் பயன்படுவதற்கு சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது.

அண்ணா சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடம் பலருக்கும் தெரியும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கார்டைல் பில்டிங் என்ற பெயரில் எழுந்தது. பிறகு எல்.ஐ.சி.யிடம் வந்தது. 2006-ல் அதை இடிக்கும் வேலை தொடங்கியதும், பாரம்பரியக் கட்டிடங்களுக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010-ல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. பாரம்பரியக் கட்டிடங்களைக் கவனிக்க ஒரு குழு வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

சரி, எவை பாரம்பரியக் கட்டிடங்கள்? அப்போது கையில் இருந்த பெரிய பட்டியல் நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்தது. 467 இடங்கள் கொண்ட அந்தப் பட்டியல் பாரம்பரியப் பாதுகாப்புக்காகப் போட்டது இல்லை. நகரம் முழுக்க மொய்த்துக் கிடந்த விளம்பரப் பலகைகள் பற்றிய வழக்கில், எந்தக் கட்டிடங்களை அவை மறைக்கக் கூடாது என்று முடிவு செய்யப் போட்டது. ஹோர்டிங் வைக்கக் கூடாத இடங்களின் பட்டியல், ஊரின் பாரம்பரியப் பட்டியலாக ஆனது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு பெருநகரம் தன் பழைய கட்டிடங்களை எண்ணிப் பார்க்க ஹோர்டிங் வழக்கு தேவைப்பட்டது என்பது பெருமைப்படும்படியான விஷயம் இல்லை.

இன்னொன்றும் கவனிக்கணும். பட்டியலில் வந்தவை கண்ணுக்குத் தெரியும் பெரிய கட்டிடங்கள். மயிலாப்பூரிலோ ராயபுரத்திலோ சத்தமில்லாமல் அடுக்குமாடியாக மாறும் ஓட்டு வீடு எந்தப் பட்டியலிலும் வராது. அதற்கு இருக்கப்போவது இடிப்பு அனுமதியும் புது பிளானும் மட்டும்தான். அமெரிக்காவில் 1933-ல் வேலை இல்லாமல் இருந்த கட்டிடக் கலைஞர்களைக் கொண்டு பழைய கட்டிடங்களை அளந்து, வரைந்து, படம் எடுத்து வைக்கும் திட்டம் தொடங்கியது. இன்றும் ஓடுகிறது. அந்த வரைபடங்களை காங்கிரஸ் நூலகத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள பல கட்டிடங்கள் இப்போது இல்லை. எல்லாக் கட்டிடத்தையும் காப்பாற்ற முடியாது. இடிப்பதற்கு முன் அளந்து வைக்கவாவது முடியும்.

2024-ல் வந்த தீர்ப்பு: யாரும் கவனிக்காத பக்கம்

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 'புல்டோசர் நீதி' என்று பெயர் எடுத்த விவகாரத்தில், 2024 நவம்பர் 13-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வி.விஸ்வநாதன் அமர்வு தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக ஒருவரின் வீட்டை இடிக்க முடியாது என்பதுதான் தலைப்புச் செய்தி ஆனது. சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பின் நடைமுறைப் பகுதியை ஒரு வரலாற்று மாணவர் படித்தால் துள்ளிக் குதிப்பார்.

என்ன இருக்கிறது அதில்? நோட்டீஸ் பதிவுத் தபாலில் போக வேண்டும், கட்டிடத்திலும் ஒட்ட வேண்டும். பதில் சொல்ல 15 நாள் அவகாசம். நோட்டீஸ் கொடுத்த உடனே கலெக்டர் அலுவலகத்துக்கு இமெயில் போக வேண்டும், அதற்குத் தானாக ஒப்புகை வர வேண்டும். முன்தேதி போட்டு நோட்டீஸ் தயாரித்தார்கள் என்ற புகார் வரக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. நேரில் விசாரிக்க வேண்டும், அங்கே பேசியதைப் பதிவு செய்ய வேண்டும். இடிப்பது மட்டும்தான் ஒரே வழியா, அபராதமோ பகுதி இடிப்போ போதாதா என்று உத்தரவில் காரணம் எழுத வேண்டும். உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும். இடிப்பதற்கு முன் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்ட ஆய்வு அறிக்கை வேண்டும். இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். எந்தெந்த அதிகாரிகள், போலீசார் வந்தார்கள் என்ற பட்டியலோடு அறிக்கை தயாராக வேண்டும். நோட்டீஸ், பதில், உத்தரவு எல்லாம் உள்ளாட்சி அமைப்பின் டிஜிட்டல் போர்ட்டலில் வர வேண்டும். அந்த போர்ட்டலை மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும்.

குடிமக்களின் உரிமையைக் காக்க எழுதிய விதிகள் இவை. ஆனால் ஒழுங்காக அமலானால், இந்தியாவில் இதுவரை இல்லாத ஒரு நகர ஆவணக் காப்பகம் தானாகவே உருவாகும். பதில் மனுவில் வீட்டுக்காரரின் குரல், அறிக்கையில் வீட்டின் அளவு, வீடியோவில் வீட்டின் கடைசி நிமிடங்கள், திருத்த முடியாத தேதி. டெட்ராய்ட் ஃபோட்டோக்களில் இல்லாத ஒன்றுகூட இதில் இருக்கிறது: இடிக்கப்படுபவர் சொன்ன பதில்.

இதில் ஒரு ஓட்டை

அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதையை ஒட்டிய இடம், ஆறு அல்லது நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு இந்த நடைமுறைகள் பொருந்தாது. நீதிமன்றமே இடிக்கச் சொன்ன இடங்களுக்கும் பொருந்தாது.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு அலுவலகப் பெயர் உண்டு: ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு. கூவம் கரை, அடையாறு கரை, ரயில்வே ஓரம் என்று சென்னையில் ஏழைகள் எங்கே வாழ்ந்தார்களோ அந்த இடங்களுக்கெல்லாம் பொதுவான பெயர் அது. 2000-களில் இருந்து அங்கிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் போயின. ஐ.டி. கம்பெனிகளுக்காக ஓ.எம்.ஆரில் தினமும் போய்வருபவர்கள் தாண்டிப் போகும் பெயர்ப் பலகைகள்தான் இவை.

நீர்வழியில் கட்டிடம் இருக்கலாமா என்பது தனி விவாதம். 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அதைச் சாதாரணமாகப் பேச முடியாது. ஆக்கிரமிப்பை எடுக்கும் அதிகாரத்தில் நீதிமன்றம் அரசின் கையைக் கட்ட விரும்பவில்லை என்பதும் புரிகிறது. ஆனால் இடிக்கலாமா என்பது ஒரு கேள்வி, இடிப்பதைப் பதிவு செய்ய வேண்டுமா என்பது வேறு கேள்வி. விதிவிலக்கு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது.

விளைவைப் பாருங்கள். அடுக்குமாடியில் கூடுதல் மாடி கட்டிய உரிமையாளருக்கு நோட்டீஸ் உண்டு, விசாரணைக் குறிப்பு உண்டு, வீடியோ உண்டு. அவருக்கு ஏற்கெனவே பத்திரம், பட்டா, பிளான், வரி ரசீது எல்லாம் இருக்கின்றன. ஆற்றோரத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்குப் பத்திரம் கிடையாது, பிளான் கிடையாது. இப்போது இடிப்பு அறிக்கையும் கட்டாயம் இல்லை. பேப்பர் நிறைய இருப்பவருக்கு மேலும் பேப்பர், இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

இதைச் சரிசெய்ய உச்ச நீதிமன்றத்துக்கு மறுபடி போகத் தேவையில்லை. மாநில அரசு ஒரு அரசாணை போட்டாலே போதும். மறுகுடியமர்வுக்கு முன் குடும்பக் கணக்கெடுப்பு எப்படியும் நடக்கிறது. வீடு ஒதுக்க அது வேண்டும். அந்தக் கணக்கெடுப்போடு தெருவின் கை வரைபடம் ஒன்று, ஒவ்வொரு வீட்டின் முகப்புப் படம் ஒன்று, எத்தனை வருஷமாக இருக்கிறார்கள், என்ன வேலை என்று ஒரு பக்கக் குறிப்பு. ஒரு செல்போனும் ஒரு களப் பணியாளரும் ஒரு நாளில் ஒரு தெருவை முடித்துவிடலாம். 1949-ல் டெட்ராய்ட் இதைக் கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு செய்தது.

போர்ட்டலில் போட்டாச்சு, அப்புறம்?

இன்னொரு பயமும் இருக்கிறது. அரசுத் தளங்களில் பழைய லிங்க்கைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தளத்தைப் புதுப்பித்தால் பழைய பக்கம் காணாமல் போகும். டெண்டர் முடிந்து வேறு நிறுவனம் வந்தால் டேட்டா வருமா வராதா என்பது அதிர்ஷ்டம். போர்ட்டல் என்பது நோட்டீஸ் போர்டு, காப்பகம் இல்லை. போர்டில் ஒட்டியதை ஒரு நாள் கிழித்துத்தான் ஆக வேண்டும். கிழித்ததை எங்கே வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. மத்திய அரசின் பொது ஆவணங்கள் சட்டம் 1993-ல் வந்தது, ஆனால் அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உரியது; மாநிலத்தில் உள்ள மாநகராட்சியின் கட்டிடக் கோப்பு அதன் கீழ் வராது. சென்னை எழும்பூரில் நூறு வருஷத்தைத் தாண்டிய கட்டிடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கட்டிட ஆய்வு, இடிப்புக் கோப்புகளின் ஒரு நகல் குறிப்பிட்ட வருஷத்துக்குப் பிறகு தானாக அங்கே போகும்படி விதி செய்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை.

எல்லாவற்றையும் இன்றைக்கே எல்லோருக்கும் திறந்துவிடலாமா? கூடாது. இடிப்பு வீடியோவில் அழும் குழந்தை இருக்கும். பதில் மனுவில் ஆதார் எண், நோய் விவரம், கடன் விவரம் இருக்கும். இவை வைரலாகப் போனால், வீடு இழந்தவர் மானத்தையும் இழப்பார். அமெரிக்கா மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபர் விவரங்களை 72 வருஷம் மூடி வைக்கிறது. 1950-ல் எடுத்த கணக்கு 2022-ல்தான் திறந்தது. அதே வழியில் கட்டிடத்தின் விவரம், உத்தரவு, காரணம் இவை உடனே பொதுவில் இருக்கலாம். மனிதரின் விவரம் சில பத்தாண்டுகள் பூட்டியிருக்கலாம். பூட்டி வைப்பது வேறு, அழிப்பது வேறு. 'தனியுரிமை' என்ற பெயரில் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதைச் செய்ததாகச் சொல்வதுதான் நடக்கக் கூடாதது.

உங்கள் வீட்டில் நோட்டீஸ் ஒட்டினால்

அரசு விதி வரும்போது வரட்டும். உங்கள் வீட்டுக்கோ, அப்பா அம்மா வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கோ, நீங்கள் வளர்ந்த லைன் வீட்டுக்கோ நோட்டீஸ் வந்தால் முதலில் வக்கீலைப் பாருங்கள். கூடவே சில வேலைகள்.

நோட்டீஸை ஒட்டிய இடத்திலேயே, சுவரோடு சேர்த்துப் படம் எடுங்கள். தேதி, கடித எண் தெளிவாகத் தெரியட்டும். நீங்கள் கொடுக்கும் பதிலின் நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் வராதீர்கள். வீட்டின் பழைய பிளான் கையில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம்தான். கேட்கும்போது அந்தக் கட்டிடத்தின் ஆய்வுக் குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள், பிளானை மட்டும் கேட்டால் பிளான் மட்டும்தான் வரும். 'கோப்பு கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால், ஒவ்வொரு அறையாக நடக்கவிட்டுப் பேசச் சொல்லி வீடியோ எடுங்கள். எந்தச் சுவர் எப்போது வந்தது, சமையலறை முன்னால் எங்கே இருந்தது, யார் எந்த மூலையில் படுத்தார்கள் என்று அவர்களே சொல்வார்கள். ஜே.சி.பி. வருவதற்கு முன் எதிர் பிளாட்பாரத்தில் நின்று, கதவு எண் படிக்கிற மாதிரி, முகப்பை ஒரு படம் எடுங்கள். பக்கத்து இரண்டு வீடும் ஃப்ரேமில் வரட்டும்.